மற்றப் பக்கம்

"அப்பா. கடைசிக் கசெட். இரண்டு பக்கமும்" என்று கறுப்பு மையில் எழுதிய இறுவட்டு ஒன்று, பழைய சீடி, என் மேசையில் கிடக்கிறது. திகதி இல்லை. எழுதியவர் வெள்ளவத்தையில் ஒலிப்பதிவுக் கடை வைத்திருந்தவர். திகதிகூடப் போடாதவரை எப்படி நம்பினோம் என்று நினைக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

அந்த 'அப்பா', என் சித்தப்பா, வளைகுடாவில் வேலை செய்தார். கடிதம் எழுதப் பஞ்சி, சோம்பல். மனைவிக்கு, என் சின்னம்மாவுக்கு, கசெட்டில் பேசி, கொழும்புக்கு வருபவர்களிடம் கொடுத்துவிடுவார். ஒரு பக்கம் முடியும்போது, "சரியப்பா, மற்றப் பக்கம் போடும்" என்பார். கடைசிக் கசெட் வந்து சேருமுன்பே அவர் இறந்த செய்தி வந்துவிட்டது. சின்னம்மா முதற்பக்கத்தை மட்டும் கேட்டார். மற்றதை எவரையும் போட விடவில்லை. "அதையும் கேட்டால் பிறகு அவர் கதைக்க ஒண்டும் இல்லையெல்லே."

கசெட்டுகளில் பூஞ்சணம் பிடித்ததும் அவர்கள் மகன் எல்லாவற்றையும் அந்தக் கடையில் கொடுத்து இறுவட்டாக்கினான். "நூறு வருசத்துக்கு ஒண்டும் நடக்காது" என்றாராம் கடைக்காரர். அதை நம்பிக் கசெட்டுகள் குப்பை வண்டிக்குப் போயின. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதை மட்டும்தான். ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று. நகத்தால் சுரண்டினால் உரியும் பூச்சுக்குள் ஒரு மனிதரின் குரலை வைத்துக் கொடுத்துவிட்டு, நூறு வருடம் என்று சொல்ல அவருக்கு வாய் கூசவில்லை.

சென்ற மாதம், படுக்கையோடு இருக்கும் சின்னம்மா கேட்டார்: "இண்டைக்கு மற்றப் பக்கத்தைப் போடு தம்பி. இனி வைச்சிருந்து என்ன?" போட்டேன். சித்தப்பா வெயிலைத் திட்டினார், சமையற்காரனைத் திட்டினார், "மற்றப் பக்கம் போடும்" என்றார். பிறகு கரகரப்பு. பிறகு அதுவும் இல்லை.

"திருப்பிப் போடன்."

"சீடிக்கு மற்றப் பக்கம் இல்லையம்மா" என்று மகன் சிரித்தான்.

"அப்ப அவர் கதைச்சது எங்கை போச்சு?"

அவன் சிரிப்பு நின்றது.

நுகேகொடையில் பழைய பதிவுகளை மீட்கும் ஒருவரிடம் காட்டினேன். இறுவட்டில் பதிவு உள்ளிருந்து வெளியே ஓடுமாம், இரண்டாம் பக்கம் விளிம்போரம்தான் இருக்குமாம். இதிலோ பூச்சின் அழுகல் விளிம்பிலிருந்து உள்ளே வந்திருக்கிறது. மீட்க வழியில்லை என்றார். வெள்ளவத்தைக் கடையில் இப்போது கைபேசி உறைகள் விற்கிறார்கள். பழைய கடைக்காரர் எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது.

வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பெங்கும் ஊசித் துளைகள். அவற்றுக்கு நடுவே "இரண்டு பக்கமும்" என்ற எழுத்து மட்டும் மங்காமல் இருக்கிறது. மற்றப் பக்கத்தைக் கேட்டவர் எங்களில் எவரும் இல்லை. சித்தப்பா அதில் பேசியிருந்தாரா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.