சாவியை உருவிய பிறகும் ஓடிய கார்

இன்று மெக்கானிக் அண்ணாச்சியிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: வண்டியை நிறுத்திய கணமே அணைத்துவிடுவது என் வழக்கம்.

நான் ஓட்டப் பழகியது பெட்ரோல் காரில். இதுவோ சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் அண்ணன் என்னை நம்பி விட்டுப்போன சின்ன டர்போ டீசல் கார். "ஓடி வந்த சூட்டோட அணைக்காத, ஒரு நிமிசம் சும்மா ஓடவிடு" என்று அவன் சொல்லித்தான் போனான்.

மதியம் திருச்செந்தூர் சாலையில் புகை நீலமாக வந்தது. உப்பளத்தை ஒட்டிய அண்ணாச்சியின் பட்டறையில் நிறுத்தி, சாவியைத் திருப்பி உருவினேன்.

என்ஜின் நிற்கவில்லை.

சாவி என் உள்ளங்கையில் இருந்தது. ஆக்சிலரேட்டர் மிதியில் கால் இல்லை. சத்தம் மட்டும் தானாகவே ஏறிக்கொண்டு போனது, வேறு யாரோ அழுத்துவதுபோல. உப்புக் குவியல்கள் புகையில் மறைந்தன.

"ஏளா, எறங்கி ஓடு!"

கத்திக்கொண்டே வந்த அண்ணாச்சி பானட்டைத் திறந்து, என்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் வாயைப் பலகையால் அடைத்தார். ஒரு உலுக்கலோடு நின்றது.

"காத்த உள்ள தள்ளுத டர்போ வழியா சொந்த ஆயிலையே குடிச்சி ஓடுது. பெட்ரோல் வண்டி சாவிக்குக் கட்டுப்படும், ஆயிலக் குடிக்க ஆரம்பிச்ச டீசல் படாது" என்றார். பிறகு, "ஒரு நிமிசம் ஓடவிட்டுத்தான அணைப்பே?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்பம் ஆயில் கசியாம இருக்க போன மாசம் டர்போவுல நான் மாட்டுன சீலுதான் கோளாறு. ஒங்க அண்ணங்கிட்ட நானே சொல்லுதேன்."

அவர் முகம் வாடிவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. டீசல் வைத்திருப்பவர்களே, நீங்கள் திறந்திருப்பீர்களா?

சாயங்காலம் டர்போவைக் கழற்றினார். உள்ளே ஆயில் கரியாகி ஒட்டியிருந்தது. சூட்டோடு அணைத்து அணைத்துத்தான் அப்படி ஆகும். அதைப் படம் எடுத்து எனக்கும் அண்ணனுக்கும் அனுப்பினார். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அண்ணன் பார்த்துவிட்டான்.