ஷெட்டின் முன்பக்கம்

கச்சிராயபாளையம் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். சட்டையில் மேல் பொத்தான்கள் இரண்டும் போயிருந்தன. ஒரு செருப்பு வார் அறுந்ததால் இரண்டையும் கழற்றிப் பையில் போட்டிருந்தேன். மதியம் வரைக்கும் வடக்கனந்தல் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றில் நான் சூப்பர்வைசர். இப்போது தார் சுட்டது, அவ்வளவுதான்.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். அந்த ஆலைக்கு மூட்டை தூக்கத்தான் போனேன். பழைய சூப்பர்வைசர் தன் மகள் வீட்டோடு போய்விட, எடைமேடை எண்ணைப் படிக்கத் தெரிந்தவன் என்று என்னை அங்கே நிறுத்தினார்கள். கூடவே ஒரு அறை, மின்விசிறி, கட்டில். ஊர் ஊராகக் கோணி விரித்துப் படுத்தவனுக்குக் கட்டில் என்றால் என்னவென்று சொல்லி விளங்காது. அதை இழக்க எனக்கு மனமில்லை.

முதலாளியின் மகன் சென்னையில் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்வந்திருந்தான். என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு நிற்கவைத்தே பேசினான்.

"நீ கத்தவே வேணாம். நின்னா போதும். தோல் சீவற பொம்பளைங்களுக்கு முன்னால போய் நில்லு. நெஞ்ச நிமித்து. கண்ண நேரா பாரு. எவ மொதல்ல கண்ண எறக்கறாளோ அவ உனக்கு அடங்கிட்டான்னு அர்த்தம். எவனா கேள்வி கேட்டா பதில் சொல்லாத. அதுக்குப் பேருதான் பிரசன்ஸ்."

"சரிங்க சார்."

"பொங்கலுக்குள்ள நீ நின்னா ஷெட் அடங்கணும். இல்லன்னா திரும்ப மூட்டைக்குப் போயிடு."

அவன் அந்த ஷெட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. ஆபீசில் உட்கார்ந்து கேமராவில்தான் பார்ப்பான். கேமராவில் தலைகள்தான் தெரியும்.

தோல் சீவும் ஷெட்டில் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் மரவள்ளிக் கிழங்குக் குவியல், கையில் கத்தி. தரை முழுக்கத் தண்ணீர் என்பதால் சேலையை முழங்காலுக்கு மேலே ஏற்றிச் செருகியிருப்பார்கள். அதனால் ஆண்கள் முதுகுப் பக்கமாகத்தான் நடப்பார்கள். கூடை கொட்ட முன்பக்கம் போகவேண்டியிருந்தால் வாசலிலேயே "கூடை!" என்று சத்தம் கொடுக்கவேண்டும். சேலைகள் இறங்கும். தலையைக் குனிந்து போய்க் கொட்டிவிட்டுத் திரும்பவேண்டும். யாரும் எழுதி ஒட்டிய சட்டமில்லை. நானே எத்தனையோ முறை அப்படிச் சத்தம் கொடுத்தவன். மறந்துபோனேன் என்று சொல்லமாட்டேன். கட்டில் வேண்டுமென்று தெரிந்தேதான் போனேன்.

சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, சத்தம் கொடுக்காமல், முதல் வரிசைக்கு முன்னால் போய் நின்றேன். ஷெட்டிலேயே வாய் அதிகமான ஒரு அக்காவின் கண்ணைப் பார்த்தேன். அவர் கண்ணை இறக்கவில்லை.

"இன்னாடா, பொண்ணு பாக்க வந்தியா?"

ஷெட்டே சிரித்தது. பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி, "பூ பழம் எங்கடி? வெறுங்கையோட வந்துக்கிறாரு மாப்ள" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லக்கூடாது என்றுதானே பாடம்.

"கேக்கறேன் இல்ல? இன்னாத்துக்கு மொறைச்சிக்கினு நிக்கிற?"

நெஞ்சை இன்னும் நிமிர்த்தினேன். சிரிப்பு நின்றது. அந்த அக்கா சேலையை இழுத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி எனக்கு முதுகு காட்டினார். அடுத்தவள் திரும்பினாள். வரிசை வரிசையாக எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கத்தியைக் கீழே வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அரவை எந்திரம் கிழங்கில்லாமல் வெறுமனே ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தம் மாறினால் ஆலை முழுக்கக் கேட்கும்.

முதலில் ஓடிவந்தவன் அந்த அக்காவின் தம்பி. என்னோடு மூட்டை தூக்கியவன்தான். "எங்கக்காவ இன்னாடா பாத்த?" என்று சட்டையைப் பிடித்தான். பொத்தான்கள் தண்ணீரில் விழுந்தன.

பிறகு முதலாளியின் மகன் வந்தான். வாசலில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும், முதுகுப் பக்கமாகத் தலையைக் குனிந்து வந்தான்.

"அக்கா, மன்னிச்சிக்கங்க. இந்தாள நம்பி உள்ள வுட்டது என் தப்பு."

"நீங்கதான சார் நிக்கச் சொன்னீங்க?" என்றேன்.

"பொம்பளைங்கள மொறைக்கச் சொன்னனா? பைய எடுத்துக்கினு கெளம்புடா."

பெண்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். கத்திகள் எழுந்தன. எந்திரத்தின் சத்தம் பழையபடி கனத்தது. எந்த வகுப்பிலும் கிடைக்காதது அவனுக்கு அந்த ஷெட்டில் அன்றைக்குக் கிடைத்தது. என் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதில் கிடைத்தது. இனி அவன் குரலுக்கு அங்கே மதிப்பிருக்கும். நாசமாய்ப் போகட்டும்.

கச்சிராயபாளையத்துக்கு நான் போய்ச்சேருவதற்குள் செய்தி செல்போனில் போய்ச்சேர்ந்திருந்தது. டீக்கடையில் ஒருவன் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "பொம்பள ஷெட்ல ஒதை வாங்கனது நீதானா?" என்றான். மிச்ச டீயை அவன் காலடியில் ஊற்றிவிட்டு எழுந்தேன். மலைக்குக் கீழே எந்தக் கிழங்கு ஷெட்டிலும் இனி எனக்கு வேலை கிடைக்காது. கல்வராயன் மலைமேல் கிழங்கு ஏற்றப் போன காலி லாரியில் ஏறிக்கொண்டேன். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டோரம் லாரி நின்றது. தார்ப்பாய்க்குள்ளேயே படுத்தேன். குளிர் எலும்பைக் கடித்தது.

காலையில் லாரிக்கு ஆள் ஒன்று குறைந்தது. ஏற்றுக்கூலி மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முன்ன எங்க இருந்த?"

"கீழ, கிழங்கு ஷெட்ல."

"இன்னாவா?"

"மூட்டைதாங்க."

தலைக்குச் சும்மாடாக ஒரு பழைய கோணித்துணியைத் தூக்கிப் போட்டார். "பள்ளத்துல பொம்பளைங்க கிழங்கு புடுங்கறாங்க. தாண்டிப் போகசொல்ல சத்தம் குடு."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

துணியைச் சுருட்டித் தலையில் வைத்தேன். இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி ஏற்றினார்கள். கழுத்து இறங்கியது. என் கால்விரல்களும் ஈரமண்ணும் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பள்ளத்தின் ஓரம் வந்ததும், "மூட்டை!" என்று கத்தினேன்.