சுண்ணாம்பு வட்டம்

மன்னார்புரம் மைதானத்தில் ஞாயிறு காலைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுத்தார் அவர். ஒல்லியான உடம்பு, வெளுத்துப்போன நீலத் தொப்பி. ஸ்ரீரங்கத்திலிருந்து என் மகளை பஸ்ஸில் கூட்டிப்போவேன். அவர் மட்டையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. மட்டை வீசுவதை வெறுங்கையால்தான் காட்டுவார். கம்பத்தின் மேல் வைத்த பந்தை அடிக்கும் பிள்ளையைச் சுற்றி சுண்ணாம்புத் தூளால் பெரிய வட்டம் போடுவார். உள்ளே வேறு யாரும் வரக்கூடாது.

ஒருநாள் கிரிக்கெட் பழக்கத்தில் என் மகள் கீப்பர் மாதிரி அடிப்பவனுக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றாள். அவர் பாய்ந்து வந்து அவளை வாரித் தூக்கினார். அவள் அழுதுவிட்டாள். எனக்குக் கோபம்.

"பிளாஸ்டிக் மட்டைதானே சார்? எதுக்கு இப்படிப் பதறுறீங்க?"

"என் பொண்ணும் இப்படித்தாங்க வந்து நின்னா. ஆறு வயசு. நான் பசங்களுக்கு நெஜ மட்டையில வீசிக் காட்டிட்டிருந்தேன். பின்னாடி பாக்கல. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..."

அதற்குப் பிறகும் எப்படி மைதானத்துக்கு வருகிறார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அழிந்த கோட்டின் மேல் மறுபடி சுண்ணாம்பைத் தூவினார். அடுத்த பிள்ளைக்குக் காட்ட இரண்டு கைகளையும் சேர்த்து உயர்த்தினார். கையில் ஒன்றுமே இல்லை. இருந்தும், வீசுவதற்கு முன் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டார்.