தூக்கு லான்

க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் போகிற வழியில் எங்கள் தெருவுக்குத் தூக்கு லான் என்று பெயர். லான் என்றால் பர்மியில் தெரு. தூக்கு என்றால் தூக்குதான், வேறென்ன? ஆற்றோரம் முழுக்க அரிசி ஆலைகள் இருந்த காலத்தில், நெல் ஏற்றி வந்த படகுகளில் மூட்டை இறக்கியவர்கள் தமிழர்கள். ஒருவர் முதுகில் மூட்டையை ஏற்ற இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, "தூக்கு" என்று குரல் கொடுப்பார்கள். விடிந்தது முதல் இருட்டும்வரை அதே குரல். கேட்டுக் கேட்டு பர்மியர்களே தெருவுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஊருக்குக் கப்பலேறிப் போன பிறகு மூட்டை சுமந்த பர்மியர்களும் அப்படியேதான் குரல் கொடுத்தார்கள்.

என் அப்பா அங்கே ஓர் ஆலையில், அது மூடும்வரை சுமந்தவர். உமித் தூசியில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். ஆலையை அரசாங்கம் எடுத்து நடத்தியது, பிறகு பூட்டிப் போட்டது, தகரமெல்லாம் துருப்பிடித்தது. இப்போது யாரோ பணக்காரர் வாங்கிப் பெரிய சாப்பாட்டுக்கடை ஆக்குகிறார். உமி குவிந்து கிடந்த இடத்தில் கார் நிறுத்தப் போகிறார்களாம். நிறுத்தட்டும்.

ஆனால் பெயரில் கை வைத்தார்கள். பர்மியில் 'தூ' என்றால் மருமகன், அதாவது அண்ணன் தம்பி, அக்காள் தங்கை பிள்ளை. 'கூ' என்றால் நீந்திக் கடப்பது. இது போதாதா? ஒரு ராஜாவின் மருமகன் காதலியைப் பார்க்க இந்த ஆற்றை நீந்திக் கடந்தானாம், அதனால் தூக்கூ லானாம். தெருவின் வரலாறு என்று அதைப் பெரிய தேக்குப் பலகையில் எழுதி, தெருமுனையில் இருக்கும் எங்கள் பலாட்டா, அதாவது பரோட்டாக் கடைச் சுவரில் மாட்ட வேண்டுமாம். பலகைக்கு எழுதிய வாசகத்தை முன்கூட்டியே தாளில் காட்டினார்கள், அது முழுக்கத் தேடினேன். மூட்டை சுமந்த ஒருவர்கூட இல்லை.

என் வீட்டுக்காரர் பர்மியர், தங்கமான மனிதர். ஒரு பலகைதானே, விடு என்றார். அவரைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மகள் சொன்னதுதான் தாங்கவில்லை. அவள் லைங் தாயாவில் தையல் ஆலைக்குப் போகிறவள். தமிழ் புரியும், வாயைத் திறந்தால் பர்மிதான் வரும். கதை அழகாகத்தானே இருக்கிறது, நம்மைக் காலா, இந்தியாக்காரன் என்று ஏச நாமே ஏன் அவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். கடை அவளுக்குத்தான் போகப் போகிறது. அதனால் சுவரைப் பற்றி அவளே முடிவு சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். விட்டேனே தவிர, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாப்பாட்டுக்கடை மேனேஜர் பலகையைச் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா வண்டியில் கொண்டுவந்து எங்கள் சுவரில் சாய்த்துவைத்தார். வண்டிக்காரர் போய்விட்டார். மேனேஜர் சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். நான் வாயை அடக்க முடியாமல், தூக்கு எங்கள் சொல், என் அப்பா வாயால் சொன்ன சொல் என்று பர்மியிலேயே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அது கூலிக்காரங்க போடுற சத்தம் ஆன்ட்டி. அதுக்கெல்லாம் அர்த்தம் கிடையாது."

மாவு பிசைந்துகொண்டிருந்த மகள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். சுவர் எங்களுடையது, இந்தப் பலகை இதில் ஏறாது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் மகளைப் பார்த்தேன். தனியாக எப்படி எடுப்பது என்று அவர் முனகினார். ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன் என்று அவள் குனிந்தாள். அவரும் மறுமுனையில் குனிந்தார்.

"தூக்கு" என்றாள் மகள், சுத்தமான தமிழில்.

அவர் தூக்கினார்.