நாகப்பட்டினம் வழியாக வந்த அக்கா

போன வாரம் கூடியிருந்தவர்கள்: ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற நடராசா கிராணி. அவர் மனைவி. பழைய ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸராக இருந்த கிராணியின் மைத்துனர். கடைசியாக நான். சிலோன் சுதந்திரம் பெற்ற நாளுக்காக, பிரிக்பீல்ட்ஸில் கிராணி வீட்டில் தேநீர். அவர்கள் யாழ்ப்பாணத்தார். நான் சிலோன் மலைத்தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவன். இங்கே மலாயா ரயில்வேயில் தண்டவாளக் கட்டை தூக்கினேன். தினமும் என் பெயரைப் பதிந்தவர் கிராணி. அந்தப் பழக்கத்தில் கூப்பிட்டிருந்தார்.

"வாரும் தம்பி. நீரும் சிலோன்காரன்தானே. கேக் எடும்."

"கட்டை தூக்குன கைங்கய்யா. கேக்கு நசுங்கிரும்."

சிரித்தார்கள். பிறகு கேட்டார். "அக்கா சுகமே? அவவும் இப்ப சொந்த நாட்டுப் பிரசை."

தேநீரைக் கையில் எடுத்தேன். கோப்பையிலிருந்து ஆவி வந்தது. தேயிலை மணத்தில் எனக்கு எப்போதும் வருவது அம்மாவின் ஈரக் கம்பளியும், அட்டை கடித்து ரத்தம் ஒழுகும் காலும்தான். அக்கா மாரியாயி எட்டு வயதில் கொழுந்து பறிக்கப் போனாள். நான் பதினெட்டு வயதில் மலாயாவுக்கு ஓடி வந்தேன். அவள் அங்கேயே இருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எனக்குக் கல்யாணம். எங்கள் வழக்கத்தில் தாலியின் மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் அக்காதான் போட வேண்டும். சொந்தத்தில் யாரையாவது வைத்துப் போடலாம் என்றார்கள். நான் விடவில்லை. அப்போது எனக்கு எழுத்துக் கூட்ட மட்டும்தான் தெரியும். கிராணிதான் கடிதம் எழுதினார்.

"கொழும்பில கப்பல் ஏறச் சொல்லட்டோ? நேரே வந்திடலாம்."

"வேணாங்கய்யா. நாகப்பட்டணம் கப்பல்ல நம்ம சனம் இருக்கும். அக்காவுக்குப் பேச்சுத் துணை."

பெரிய அறிவாளி நான்.

அக்கா நான் சொன்னபடியே வந்தாள். தலைமன்னாரில் கடலைத் தாண்டி, ரயிலில் நாகப்பட்டினம் போய், கப்பல் ஏறி, கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினாள். குளிர் மலையிலிருந்து வந்தவள். சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, "என்னடா தம்பி, அடுப்புக்குள்ளயா குடும்பம் நடத்துறீங்க?" என்றாள்.

தாலி கட்டினேன். அவள் முடிச்சைப் போட்டுவிட்டு என் மனைவி செல்லம்மாவின் காதில் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இறுக்கிப் போட்டுட்டேன் புள்ள. ஒரு தடவ ஓடி வந்த பய இவன்."

இரண்டு மாதம் இருந்தாள். வந்த வழியே போனாள்.

பிறகு வெள்ளைக்காரன் தீவை விட்டுப் போனான். புதிய சட்டம் வந்தது. லயத்து ஆட்கள் எல்லாரும் இந்தியர்களாம். இல்லை என்றால் நிரூபிக்க வேண்டுமாம். காட்டை அழித்துத் தோட்டம் போட்டபோது யாரும் எங்களிடம் காகிதம் கேட்கவில்லை. அக்கா குடியுரிமைக்கு மனுப் போட்டாள். விசாரணையை அவள் மகன் எனக்கு எழுதியிருந்தான்.

"நாட்டை விட்டுப் போனதுண்டா?"

"தம்பி கல்யாணத்துக்குப் போனேன்."

"எந்த வழியா?"

"நாகப்பட்டணம்."

"அங்கே யார் வீட்டில் தங்கினாய்?"

"சத்திரத்துல படுத்திருந்தேங்கய்யா. கப்பலுக்கு."

மறைத்திருக்கலாம். அவளுக்கு அது வராது. அதிகாரி எழுதிக்கொண்டார், இந்தியாவில் இவளுக்கு ஊர் உண்டு என்று. மனு தள்ளுபடி. இந்தியாவும் அவளைத் தன் ஆள் என்று சொல்லவில்லை. எப்போது மூட்டை கட்டச் சொல்வார்களோ என்று அதே லயத்தில் இருக்கிறாள். இன்னும் கொழுந்து பறிக்கிறாள். அதற்கு மட்டும் அவள் வேண்டும்.

இவ்வளவையும் அந்தத் தேநீர் மேசையில் சொன்னேன்.

"அது தோட்டத்து ஆக்களின்ர பிரச்சினை," என்றார் டிரெஸ்ஸர்.

"கேக்குக்கு மட்டும் நான் சிலோன்காரனாய்யா?"

கிராணி மெதுவாகச் சொன்னார். "நான் அண்டைக்கே கொழும்பு எண்டு சொன்னனான், தம்பி."

"சொன்னீங்க."

எழுந்து வந்துவிட்டேன். கல்யாணம் நடந்த ரயில்வே லயன் வீடுகள் வழியாகத்தான் நடந்தேன். இடித்துத் தள்ளியிருக்கிறார்கள். பந்தல் போட்ட இடத்தில் லோரி நிற்கிறது. செல்லம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்த விசாரணை நாள்வரை, தன் ஆயுளில் அக்கா இந்திய மண்ணில் இருந்தது, வரும்போது நான்கு நாள், திரும்பும்போது மூன்று நாள்.

ஏழு நாள்.