எலுமிச்சம்பழம் கட்டிய கார்

கார் நின்றபோது சத்தமே வரவில்லை. ஒரு குலுக்கலோ இருமலோ இல்லை. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையில், கார்த்திகை மாத விடியலில், பருத்திக் காட்டின் மேல் பனி படுத்துக் கிடந்தது. எஞ்சின் நின்றும் கார் தண்ணீரில் விட்ட ஓடம் போல முன்னால் நழுவிக்கொண்டே இருந்தது. எனக்கு முன்னே டாஷ்போர்டில் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பின் சீட்டில் என் மகள் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் சுண்ணாம்புக்கல் லாரியின் வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. எப்படியோ ஓரத்துக்குத் திருப்பினேன். லாரி ஹாரனை இழுத்துப் பிடித்தபடி உரசாமல் போய்விட்டது. வெள்ளைப் புழுதி அடங்கியபின் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி ஓடியது.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நடந்தது. மகளுக்கு அப்போது பத்து வயது. பனிக்காலம் வந்தால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். பெரம்பலூர் டாக்டரிடம் போய் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்தை உள்ளே இழுத்தால்தான் அடங்கும். கணவருக்குச் சென்னையில் வேலை. விடியற்காலையில் பஸ்ஸை நம்பி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க முடியாது என்றுதான், லெப்பைக்குடிக்காட்டில் ஒரு குடும்பத்திடம் அந்தப் பழைய காரை வாங்கி, ஓட்டவும் கற்றுக்கொண்டேன். அந்தக் கார் இல்லாவிட்டால் அவள் மூச்சுக்கு வழியில்லை. அந்தக் காரே நடுரோட்டில் நின்றால்?

கார் வயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். சிரித்த முகக்காரர். வண்டியின் முன்பக்கம் தொங்கிய எலுமிச்சம்பழம், மிளகாய்ச் சரத்தை முதலில் பக்தியோடு அவிழ்த்து ஆணியில் மாட்டினார்.

“சாமி பொருளுங்க. கிரீஸ் கையி பட்டுறக் கூடாது” என்று பானெட்டைத் திறந்தார்.

பேட்டரி, பியூஸ், எர்த் வயர் எல்லாவற்றையும் மீட்டர் வைத்துப் பார்த்தார். வயர்களை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். ஊரைச் சுற்றி ஓட்டியும் வந்தார். வண்டி நிற்கவில்லை.

“ஒரு கொறையும் இல்லிங்க டீச்சர். கிளட்ச்ச விட்டுருப்பீங்க.”

“நான் விடலைங்க. என் புள்ள பின்னாடி இருந்தா.”

“அப்ப வண்டி பயந்துருக்கும்” என்று சிரித்துவிட்டு, சரத்தைப் பழைய இடத்திலேயே கட்டி அனுப்பினார்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது நின்றது. பிறகு ரேஷன் கடை முன்னால். நின்று, சற்று நேரத்தில் தானாகத் தேறிக்கொள்ளும். அந்த நாட்களில் நான் விழித்துக்கொண்டே கனவில் நடந்தேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் லாரி வெளிச்சம் வருவது போலிருக்கும். வீட்டில் மகள் தூங்கும்போது, அவள் மூச்சும் அந்த எஞ்சினும் ஏதோ ஒரே வயரில் ஓடுவதாக நினைத்துக்கொண்டு காதைத் தீட்டி உட்கார்ந்திருப்பேன்.

அமாவாசைக்கு அமாவாசை கடைகளுக்கும் வண்டிகளுக்கும் சரம் கட்டும் அம்மா ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவார். அவரிடம் சொன்னேன்.

“பொம்பள கார் ஓட்டுனா சும்மா இருப்பாங்களா தாயி? ஊரு கண்ணு பூரா ஒம் மேலதான்” என்றவர், இந்த முறை கைப்பிடி அளவு படிகாரக் கல்லையும் சேர்த்துக் கோத்தார். “நல்லா இறுக்கிக் கட்டுங்க” என்றேன். அவரும் பம்பருக்கு மேலே ஜன்னல் ஜன்னலான பிளாஸ்டிக் கிரில்லுக்குள் கையை விட்டு, எப்போதும் போலக் கைக்கு அகப்படும் கருப்புக் குழாயிலேயே இறுக்கிக் கட்டினார்.

அதன்பின் கார் குண்டுகுழிக்கெல்லாம் நின்றது.

மறுபடி ஷெட். எலக்ட்ரீஷியன் சரத்தை ஆணியில் மாட்டினார். வண்டி ஓடியது. “எஞ்சின் சுத்துதான்னு பாத்துச் சொல்ற சென்சார் ஒண்ணு இருக்குங்க. அது பேச்ச நிறுத்துனா உள்ள இருக்குற கம்ப்யூட்டரு பெட்ரோல நிறுத்திரும். அதையே மாத்திருவோம்” என்று மாற்றினார். சரத்தைக் கட்டிவிட்டார். நான் கிளம்பி, ஷெட் வாசல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் வண்டி நின்றது.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். வழக்கம்போலச் சரத்தை அவிழ்த்தார். சாவியைத் திருப்பினேன். ஓடியது. அவர் கையில் அந்தக் கல் கனமாக ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இவர் சோதித்த நேரமெல்லாம் அது ஆணியில்தானே தொங்கியது?

“எஞ்சின் ஓடட்டும். இப்பவே அதைக் கட்டுங்க.”

“ஓடுற வண்டிலயா?”

“கட்டுங்களேன்.”

குனிந்து கட்டினார். கல்லைத் தொங்கவிட்டு லேசாக ஆட்டினார். எஞ்சின் அடங்கிப்போனது. அவர் சரம் கட்டியிருந்த குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். தெருவில் யாரோ சின்ன வெங்காயம் கூவிப் போனார்கள்.

அந்தக் கருப்புக் குழாய்க்குள்தான் சென்சாரின் வயர்கள் போயின. ஒவ்வொரு பள்ளத்திலும் பழமும் கல்லும் அதைக் கீழே இழுத்து இழுத்து, வயர்கள் சேரும் கப்ளருக்குள் ஒரு வயர் பாதி கழன்று, தொட்டும் தொடாமலும் கிடந்தது. அதைச் சரிசெய்து, குழாயைக் கிளிப் போட்டு உயர்த்திக் கட்டினார்.

“டீச்சர், இத வெளிய சொல்லிராதீங்க. எம் பொழப்பும் போயிரும், அந்தம்மா பொழப்பும் போயிரும்.”

அன்று சரத்தை நம்பர் பிளேட்டில் கட்டச் சொன்னேன். கட்டாமல் விட எனக்குத் தைரியமில்லை.

சில நாட்களிலேயே மகளுக்கு மறுபடி இழுத்தது. அதே சாலை, அதே பனி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் உடம்பு முன்கூட்டியே நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபின் ஸ்டியரிங்கிலிருந்து என் விரல்கள் பிரிய மறுத்தன. தோள் ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டே மகள் தானாக இறங்கி, சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

“எறங்கும்மா,” என்றாள். “வந்துட்டோம்.”