கோவாச்செவிச் எந்த ஊர்

ரஞ்சினி கதவைப் பாதிதான் திறந்தாள். வெளியே நின்ற இருவரும் தொப்பியைக் கழற்றினார்கள். நேற்று வந்தவர்களும் இப்படித்தான் கழற்றினார்கள். கேள்வியும் அதேதான்: உங்கள் கணவர் எந்த ஊர்?

மிர்கோ கோவாச்செவிச் திங்கட்கிழமை தொழிற்சாலையில் மின்கம்பி இழுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். எழும்பவில்லை. நேற்று வந்தவர்கள் செர்பியர் மன்றம், இன்று வந்தவர்கள் குரோவாசியர் மன்றம். எங்கள் ஆள் என்றால் பாதிரியார், மண்டபம், பெட்டி தூக்க ஆறு பேர், எல்லாம் எங்கள் பொறுப்பு. இல்லையென்றால் வரமாட்டோம் என்றார்கள். பெயரை வைத்துச் சொல்ல முடியவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

யாராலும் முடியாது. கோவாச்செவிச் என்றால் கொல்லன் மகன் என்று அர்த்தம். கொல்லன் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது என்று மிர்கோ பியர் போத்தலைத் திறந்துகொண்டே கேட்பான். செர்பியன், குரோவாசியன், பொஸ்னியா முஸ்லிம், எவனுடைய குதிரைக்கும் லாடம் வேண்டும். அதனால் மலைக்கு இந்தப் பக்கமும் கோவாச்செவிச், அந்தப் பக்கமும் கோவாச்செவிச். ஊரைச் சொன்னால்தான் ஆள் யாரென்று பிடிபடும். நாற்பதுகளில், போர்க்காலத்தில், ஆயுதக்காரர்கள் ஒரு பாலத்தடியில் மறித்து அதைத்தான் கேட்டார்கள். அவனுடைய அண்ணன் உண்மையைச் சொன்னான். சுட்டு ஆற்றில் போட்டார்கள். அதற்குப் பிறகு மிர்கோ யாருக்கும் ஊரைச் சொல்லவில்லை, ரஞ்சினியைத் தவிர.

தெரியும், சொல்லமாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.

குசினியில், அடுப்பருகே, ஜெயரட்ணம் நின்றார். கடல்கடந்து வந்து குடியேறிய இந்த லிட்கம்மில் அவளுக்குத் தெரிந்த ஒரே யாழ்ப்பாணத்து ஆள். அவளைக் கண்ட முதல் நாளே ஊரில் எவ்விடம், எந்தக் கோயிலடி என்று துருவியவர். அவள் கொழும்பு என்று சொல்லித் தப்பினாள். எழுபத்து நாலில் கலியாணம் முடிந்த கையோடு, பெயரின் அர்த்தத்தை விளையாட்டாகச் சொல்லிவைத்தாள். கொல்லரோ என்று அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். எலக்ட்ரிஷன் என்று அவள் சொன்னது காதில் ஏறவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் அவர் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. வயிறு சரியில்லை என்பார். மூன்று வருஷமாக வயிறு சரியில்லை.

"ஊரைச் சொன்னா என்ன, பிள்ளை? இரண்டிலை ஒரு பகுதி வந்து தூக்கும். ஆக்கள் இல்லாமல் எப்பிடி?"

"ஊர் தெரியாமல் உங்களுக்கும் ஒராளைத் தூக்கேலாதோ, அண்ணை?"

அவர் யன்னலைச் சாத்தப் போனார். ரஞ்சினி விடவில்லை.

"அந்த மனிசன் தன்ரை வாயாலை சொல்லாததை நான் சொல்லமாட்டன். தூக்குறவை தூக்கட்டும்."

வியாழக்கிழமை, இடுகாட்டில் எந்தச் சமயமென்று கேட்காத மூலையில் குழி வெட்டியிருந்தது. இரண்டு மன்றத்தாரும் வாசலருகே தனித்தனிக் கூட்டமாக நின்று பார்த்தார்கள். தொழிற்சாலையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். ஜெயரட்ணம் கோட்டைக் கழற்றி மடித்து மதில்மேல் வைத்துவிட்டு ஐந்தாவது ஆளாக நின்றார். பின்பக்கம் ஓரிடம் வெறுமையாக இருந்தது. ரஞ்சினி கைப்பையைக் கீழே வைத்தாள்.

"பொம்பிளையள் சுடலைக்கு வாறதே பிழை, பிள்ளை."

"வந்திட்டன்தானே. தூக்குங்கோ."

அவள் குள்ளம். பெட்டி அவள் பக்கம் சரிந்தது. பக்கத்தில் நின்ற, தொழிற்சாலையிலிருந்து வந்த கிரேக்கன் முழங்காலை மடித்து உயரத்தைச் சரிசெய்தான். கூட்டத்திலிருந்து ஒருவன் கைகொடுக்க ஓடிவந்தான். எந்தக் கூட்டம் என்று அவள் பார்க்கவில்லை. வேண்டாம் என்று தலையசைத்தாள். குழிவரைக்கும் தோளை மாற்றவில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மழை தூறியது. ரஞ்சினியின் தோள் வீங்கியிருந்தது. எண்ணெய் பூசிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்கு வேலைக்குப் போனாள். பரிசோதிக்க வேண்டிய இரத்தம் சேர்ந்து கிடந்தது. பின்னேரம் ஜெயரட்ணம் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி கொடுத்தாள். பாதி குடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.